மூன்றாம் சீட்டு

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் விடியக்காலம் ஆறு மணிக்கு ரஞ்சிதத்தின் குரல் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வேலைக்குப் போய்விட்டது.

அவள் மாமியார் வீட்டு அடுப்படியில் நின்று தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே ஆறு மணிக்கு நாலு தெரு தள்ளி, கோடங்கிப்பேட்டை டெலிபோன் ஆபீஸில், ஆளில்லாமல் கிடந்த மூன்றாம் சீட்டிலிருந்து "நம்பர் ப்ளீஸ்" என்று அவள் குரல் கேட்டது. பக்கத்து சீட்டுக் கோமு திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருக்கிறது, ஹெட்போன் ஆணியில் தொங்குகிறது, குரல் மட்டும் ஒன்பது வருஷமாக வந்த மாதிரியே வருகிறது. "வந்துட்டியாளா," என்று சொல்லிவிட்டு, கேட்ட நம்பருக்குத் தானே கையை நீட்டி அந்தப் போர்டிலும் ஒயரைச் செருகினாள் கோமு. வேறென்ன செய்வாள்? பம்பாய் விலைக்குப் பருத்தி வியாபாரிகள் காத்துக்கிடக்கிற நேரம்.

ரஞ்சிதம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இந்த வேலையில் இருக்கிற பெண் கன்னிப்பெண்ணாகவோ கைம்பெண்ணாகவோ இருக்க வேண்டும், கல்யாணமான அன்றைக்கே வேலை தானாக விலகிவிடும் என்று அதில் போட்டிருந்தது. பத்தொன்பது வயசில் போட்ட கையெழுத்து அது. அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து ஆளாக்கி நிமிர்ந்தபோது இருபத்தெட்டு வயசு, பஞ்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலாயுதம் பெண் கேட்டு வந்தான், நல்ல மனுஷன், சரி என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சூப்பர்வைசர் பிலோமினா அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வந்தவள்தான். உடம்பு வந்துவிட்டது. குரலுக்கு அந்தக் காகிதத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை போல.

ஊர் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பஜாரில் சங்கரலிங்க அண்ணாச்சி, "குரல் அந்தப் புள்ளையோடது, விலை சரியா வருது, ஆள் இருந்தா என்ன இல்லாட்டா என்ன," என்று சொல்லிவிட்டார். அம்மன் கோயில் பூசாரி மட்டும், "தாலி ஏறினது கழுத்துல, குரல் வாறதும் கழுத்து வழியாத்தான், அதனால குரலுக்கும் சேத்துத்தான் கல்யாணம் ஆயிருக்கு," என்று தர்க்கம் பேசினார். "தாலி கட்டுத நேரம் குரல் உள்ள இருந்துச்சா வெளிய போயிருந்துச்சா, கெட்டிமேளச் சத்தத்துல யாரு கண்டா ஓய்," என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்க, பூசாரி வெற்றிலையை மடித்தார். மூன்றாம் சீட்டில் உட்கார ஒரு புதுப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, என் மடியில உக்காந்திருக்கே," என்று குரல் சொன்னதும் அந்தப் பெண் எழுந்து ஓடியவள்தான், திரும்பி வரவில்லை.

வீட்டில் மாமியார் ஆவுடையம்மாளுக்கு முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. "வாயில்லாத மருமக வாய்ச்சிருக்கு ஒனக்கு, கொடுத்து வச்சவ," என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது. இரண்டாம் வாரம் ஆவுடையம்மாளுக்கு நெஞ்சடைத்தது. ரசத்தில் உப்புக் குறைவு என்றால் மருமகள் தலையை ஆட்டுகிறாள், கூடுதல் என்றாலும் தலையை ஆட்டுகிறாள். "நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லணும், அப்பத்தானே எனக்கு மூணாவது சொல்ல வரும். சுவத்தோட மல்லுக்கட்டவா இத்தனை செலவழிச்சு மண்டபம் பிடிச்சேன்?" என்று கிணற்றடியில் நின்று புலம்பினாள்.

வேலாயுதம் பாடு அதைவிட மோசம். பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரிக்கிற பெண்டாட்டியோடு பேச, அவன் சாப்பாட்டு இடைவேளையில் தபாலாபீஸ் டெலிபோன் பெட்டிக்கு ஓடி வரிசையில் நின்றான். "வேலாயுதம் பொண்டாட்டிகிட்டப் பேசணுமாம், வழி விடுங்கப்பா," என்று சனம் ஒதுங்கி நிற்கும்.

"ரஞ்சிதம், நாந்தான்."

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர்லாம் ஒண்ணும் வேண்டாம். உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்னு அம்மா கேக்கச் சொன்னா."

"டூட்டி நேரத்துல சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது." பிறகு கொஞ்சம் தணிந்து, "சொதி."

அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ரஞ்சிதத்தைப் பார்த்தால் அவள் உதடும் சொதி என்றுதான் அசைந்திருக்கும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் குரல் அங்கே பேசுவதையெல்லாம் உதடு இங்கே பேசியது, அங்கே ஒயரில் வருவதெல்லாம் இங்கே அவள் காதில் விழுந்தது. முறத்தில் அரிசி புடைக்கும்போது விரல்கள் தன்னையறியாமல் ஒயரைச் செருகுகிற மாதிரி தவிட்டுக்குள் குத்தும். இரண்டு மணிக்குக் குரல் ஓய்ந்துவிடும். ஓய்ந்தால் வீட்டுக்கு வருமா என்று அவள் தினமும் வாசலில் நின்று பார்த்தாள். வராது. ஒரு நாள் மனசு கேட்காமல் ஆபீஸுக்கே போனாள். பிலோமினா அம்மா கதவை மறித்து நின்று, "வேலையில இல்லாதவங்களை உள்ளே விட்டா என் வேலை போயிரும் ரஞ்சிதம். முப்பது வருஷம் இதுக்காகத்தான் ஒண்டியா இருந்திருக்கேன், என்னைக் கேக்காதே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காதில் விழுந்ததில் ஒன்று ரஞ்சிதத்தை உறுத்தியது. வெளியூர் அழைப்புகளை இணைக்கிற மெட்ராஸ் டிரங்க் போர்டில் ஒன்பதாம் சீட்டுக்காரி. எந்த ஆபரேட்டர் பேசினாலும் வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு இருக்கும், ஒரு செருமல், நாற்காலி முனகல், வளையல் இடிக்கிற ஓசை. ஒன்பதாம் சீட்டுக்கு ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷமாக அது ரொம்பக் கண்டிப்பான பெண்பிள்ளை என்றுதான் ரஞ்சிதம் நினைத்திருந்தாள். இப்போது தன் குரலையே வெளியில் நின்று கேட்டபோது அதிலும் மூச்சு இல்லை என்று தெரிந்தது. ஒரு நாள் இரண்டு அழைப்புக்கு நடுவில், அடுப்படியில் நின்றபடியே உதட்டை அசைத்துத் தன் குரல் வழியாகக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

ஒயர் கொஞ்ச நேரம் இரைந்தது. "மயிலாப்பூர்ல. அடுப்படியில."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு. லைன் வருது, விடும்மா."

ரஞ்சிதம் கையிலிருந்த அகப்பை நழுவித் தரையில் விழுந்தது. பதினாறு வருஷம். அவளுக்கு ஒரு மாசத்துக்கே தொண்டை பாழ்வீடு மாதிரி ஆகியிருந்தது.

அந்த வாரத்தில்தான் இன்னொரு விபரீதம் நடந்தது. லைன்மேன் மாடக்கண்ணு மூன்றாம் சீட்டு போர்டில் தூசி தட்ட வேண்டி, பதினொரு மணிக்கு மின்சாரத்தை எடுத்துவிட்டுத் துணியால் துடைத்தான். இங்கே கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ரஞ்சிதம் அப்படியே சாய்ந்தாள். உதடு நீலம் பாரித்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்த ஆவுடையம்மாளுக்கு மூச்சு தட்டுப்படவில்லை, அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மாடக்கண்ணு வேலை முடிந்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தான், இங்கே ரஞ்சிதம் தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கினவள் மாதிரி எழுந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் இரண்டு நேரத்தையும் ஒத்துப்பார்த்த மாடக்கண்ணு வந்து வாசலில் நின்று, "தாயி, நாந்தான் உன்னைக் கொன்னு எடுத்துட்டேன், தெரியாமச் செஞ்சிட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதன்பிறகு அந்தப் போர்டுப் பக்கம் ஒட்டடைக் குச்சிகூட ஒருவரும் கொண்டுபோகவில்லை.

ஆனால் மேலிடத்துக்குக் கடிதம் போய்விட்டிருந்தது. மூன்றாம் சீட்டில் கல்யாணமான குரல் வேலை பார்ப்பதாக யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். பிலோமினா அம்மா பயந்து பயந்து பதில் எழுதினாள், சீட்டில் பெண் யாரும் இல்லை, குரலுக்கு விதி உண்டா என்று தெரியவில்லை, போர்டை நிறுத்தினால் ஓர் உயிருக்கு ஆபத்து என்று. மேலிடம் மூன்று வரியில் முடித்துக்கொண்டது. விதியில் இதற்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டிவிஷன் அதிகாரி நேரில் வந்து மூன்றாம் சீட்டின் ஒயர்களைத் துண்டிப்பார். பழைய போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வைக்கப்படும்.

செய்தி செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை வேலாயுதம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் இலையில் கை வைக்காமல் சொன்னான்.

"அம்மா, அந்தக் காகிதத்துல கைம்பெண்ணுக்கு வேலை உண்டுன்னு இருக்கு. நான் செத்துப்போனதா ஒரு தாள் வாங்கிட்டா என்ன? ரஞ்சிதம் சீட்டுல போய் உக்காந்துரலாம். காகிதத்துலதானே சாகப் போறேன்."

ஆவுடையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏல, பெத்தவ கையால சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போது இப்படி ஒரு வார்த்தையா?"

"அப்ப அவளைச் சாகக் கொடுக்கச் சொல்லுதியா?"

ரஞ்சிதம் எழுந்து வந்து புருஷன் வாயைக் கையால் பொத்தினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். மாமியாரையும் பார்த்து ஆட்டினாள். தாயும் மகனும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை ஊரே குசுகுசுவென்று பேசியது. அண்ணாச்சி வியாபாரிகளைக் கூட்டி மனு எழுதினார், மனு தபாலில் போய்ச் சேர ஆறு நாள் ஆகும் என்று தெரிந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆவுடையம்மாள் மருமகளுக்குத் தலை பின்னி, மஞ்சள் புடவை கட்டச் சொல்லி, தாலியை எடுத்து மாராப்புக்கு வெளியே போட்டாள்.

"ஏளா, சாகுறதா இருந்தாலும் இங்க அடுப்படியில கிடந்து சாகாதே. அவுக கண்ணு முன்னால போய்ச் சாவோம், வா. நானும் வாறேன்."

இரண்டு பேரும் தெருவில் நடக்கும்போது கடைகள் பேச்சை நிறுத்தின. ரஞ்சிதத்தின் உதடு மட்டும் அசைந்துகொண்டே போனது, நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ் என்று. வேலாயுதம் பஞ்சாலையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து பின்னால் சேர்ந்துகொண்டான். ஆபீஸ் வாசலில் பிலோமினா அம்மா நின்றாள். ரஞ்சிதத்தைப் பார்த்தாள், மார்பில் கிடந்த தாலியைப் பார்த்தாள், ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

அதிகாரி பத்மநாபன் உள்ளே இருந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. தூர ரயிலில் வந்த களைப்பு, கசங்காத சட்டை, சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன், நீயே வாசிம்மா," என்று உத்தரவைக் கோமுவிடம் கொடுத்தார். கோமு வாசித்தாள். மாடக்கண்ணு கையில் வெட்டுக்குறடு இருந்தது. சுவரில் மணி ஒன்பது ஐம்பது.

"ஐயா, மகராசா," என்று ஆவுடையம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். "அதை வெட்டினா எம்மருமக மூச்சு நின்னுரும். நான் கண்ணால பார்த்தவ. பார்த்துச் செய்யுங்க."

"அம்மா, விதியை நான் போடலை." அவர் அலுப்போடு சொன்னார். "இதெல்லாம் பொம்பளைங்க பழகிக்கிற விஷயம். என் சம்சாரமும் மெட்ராஸ்ல டிரங்க் ஆபரேட்டராத்தான் இருந்தா. கல்யாணமானதும் நல்லபடியா விட்டுட்டு வந்துட்டா. மயிலாப்பூர்ல நிம்மதியா குடித்தனம் பண்றோம். பதினாறு வருஷத்துல ஒரு குறை சொன்னதில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை."

"ஒரு வார்த்தையுமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"ரொம்ப அமைதியான சுபாவம்."

ஆவுடையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் வீட்டில் ஒரு மாசமாக இருக்கிற அமைதி அவளுக்குத் தெரியும்.

ரஞ்சிதத்துக்கு ஒன்பதாம் சீட்டுக்காரி சொன்னது நினைவு வந்தது. மயிலாப்பூர், அடுப்படி, பதினாறு. அவள் மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்து நாலு. போர்டை வெட்டுவதற்கு முன்னால் மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து வருகிற லைன்களெல்லாம் திண்டாடும். அதிகாரி மேஜை டெலிபோனைக் கையில் எடுத்து, "மெட்ராஸ் போடும்மா," என்றார். கோமு ஒயரைத் தூக்கினாள். ரஞ்சிதம் இரண்டு எட்டில் போய்க் கோமுவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"யார் இது? வெளியாள் போர்டைத் தொடக்கூடாது!" என்று அதிகாரி சத்தம் போட்டார்.

அவள் காதில் வாங்கவில்லை. நின்றபடியே மெட்ராஸ் துளையில் செருகினாள். காலி நாற்காலியிலிருந்து அவள் குரல் கேட்டது, உதடு கூடவே அசைந்தது. "மெட்ராஸ், ஒன்பதாம் சீட்டைக் கொடுங்க. அக்கா, கோடங்கிப்பேட்டைலேர்ந்து ஒருத்தர் பேசுறார். லைன்லயே இருங்க."

"எனக்கு வேண்டியது எஞ்சினியர், ஒன்பதாம் சீட்டு..." என்று ஆரம்பித்த அதிகாரி நிறுத்தினார். டெலிபோனில், "நம்பர் ப்ளீஸ்," என்றது ஒரு குரல்.

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அந்தக் குரலைப் பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கேட்டது. நிச்சயத்துக்குப் பிறகு இரண்டு தடவை டெலிபோனில் கேட்டது. அப்புறம் கேட்டதே இல்லை, கேட்கவில்லை என்பதே இத்தனை நாளும் அவருக்கு உறைத்ததில்லை.

"விசாலம்?"

ஒயர் இரைந்தது. கோமு அழைப்புகளை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா?" என்றது குரல். "கண்ணாடியை மேஜை மேலேயே வச்சிட்டுப் போயிட்டீங்களே. எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் ஓடி வந்தேன். கையைத் தட்டினேன். திண்டாடிப் போயி தாம்பாளத்தை எடுத்துத் தட்டினேன். தெருவெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு, நீங்க பாக்கலை."

அவர் குறடோடு நின்ற மாடக்கண்ணுவைப் பார்த்து இடது கையை மட்டும் அசைத்தார், தள்ளிப் போ என்று. பத்து மணி அடித்தது.

ரஞ்சிதம் நின்றுகொண்டே இருந்தாள். காலுக்குப் பின்னால் நாற்காலியின் விளிம்பு இடித்தது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, உட்கார்ந்தாள். ஆணியில் ஒரு மாசமாகத் தொங்கிய ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். தொண்டைக்குள் மீன்முள் இறங்கினாற்போல ஒரு வலி, பிறகு ஒரு சூடு. டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு, முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து சொல்லியாக வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு சார்," என்றாள். சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது. அதில் மூச்சு இருந்தது. "நீட்டவா?"

"நீட்டும்மா," என்றார் அதிகாரி.

ஏழு தடவை நீட்டினாள். அந்த நேரத்தில் ஊரில் யாருக்கும் டிரங்க் கால் கிடைக்கவில்லை. பஜாரில் பம்பாய் விலை வராமல் பருத்தி மூட்டைகள் தெருவிலேயே நின்றன, ஆனால் அண்ணாச்சி உட்பட ஒருத்தர்கூட டெலிபோனை எடுத்துச் சத்தம் போடவில்லை. அதிகாரி பேசியது கொஞ்சம், கேட்டதுதான் முழுக்க. முடித்துவிட்டு எழுந்தவர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, பரிசோதனைப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வரி கோணலாகப் போக எழுதினார். மூன்றாம் சீட்டைப் பார்த்தேன், ஆள் இருக்கிறார், குறை ஒன்றும் இல்லை. அடுத்த ரயிலுக்கே மெட்ராஸுக்குக் கிளம்பினார். வெளியே போகும்போது ரஞ்சிதத்தின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார்.

விதி புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது, அதைக் கோடு போட்டு அடிக்கிறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடந்தது. பிலோமினா அம்மா வருகைப் பதிவேட்டை எடுத்தாள். மூன்றாம் சீட்டுக்கு நேராக ஒரு மாசமாகக் காலியாகக் கிடந்த கட்டங்களில் ஒன்றுவிடாமல் ரஞ்சிதத்தின் பேரை மசியால் எழுதினாள், எழுதி முடிக்கிற வரைக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் பெண் வந்தாள். ரஞ்சிதம் ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றியதும் பயம் வந்தது. இத்தனை நேரம் பேசியது இந்த அறைக்குள் பேசியது. வாசலைத் தாண்டினால் கூட வருமா, இல்லை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுமா? கோமு, "போய்ட்டு வாளா," என்றபோதும் பதில் சொல்லிப் பார்க்க தைரியம் வராமல் தலையை மட்டும் ஆட்டினாள். படியில் கால் வைத்தாள். ஒரு படி. இரண்டாவது படி. வெயில் மூஞ்சியில் அடித்தது. வேலாயுதம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், கேட்க வந்ததைக் கேட்காமல் அவள் வாயையே பார்த்தான்.

அதிகாரி போனதிலிருந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏளா, உள்ள இருந்து ஊரெல்லாம் பேசினே, கேட்டேன். இங்க நிக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டியா? வாய் இருக்கா, அங்கேயே வச்சிட்டு வந்துட்டியா?"

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

"இருக்கு அத்தை. நேத்து நீங்க வச்ச புளிக்குழம்புல உப்பே இல்லை. நாளைக்கு எனக்கு ஆறு மணிக்கு டூட்டி, காலையில அடுப்பை நீங்களே பத்த வச்சிருங்க."

ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வழிய, மூன்றாவது வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தாள்.